மூலையில் மஞ்சள்

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த முத்திரைத்தாள் மேசைமேல் தனியாகக் கிடந்தது. தாளின் மேல்பாதியில் அரசு முத்திரைப் படம் இருக்கும். எழுத்து அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். இதில் எல்லா வரிகளும் ஒரு சாண் மேலே ஏறி, அளவிலும் சுருங்கி, படத்தின் மேலேயே விழுந்திருந்தன. பத்திர எழுத்தர் மனோகரன் அதைக் கையால் தொடாமல் பேனாவின் பின்பக்கத்தால் என் பக்கம் தள்ளினார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாதாம்மா இருந்துச்சு. நான் எதையும் தொடல."

பாய் கடையிலிருந்து நான் பிரிண்டர் பழுது பார்க்கப் போகிற எல்லா இடங்களிலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் அவர்கள் சொல்லும் விதத்தில் நான் ஏதோ குற்றம் சாட்டிவிட்டதுபோல் ஆகிவிடும், நானும் தேவையில்லாமல் தலையாட்டி ஒப்புக்கொள்வேன். அன்றும் அப்படித்தான் செய்தேன்.

பூந்தமல்லியில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்தது மனோகரனின் அறை. ஒரு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், சுவரோரம் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் தண்ணீர் கேன். நாற்காலிகளில் இரண்டு பேர் இருந்தார்கள். சென்னீர்குப்பத்துத் தசரதன் சட்டைப் பையில் இரண்டு செல்போன்களோடு நின்றும் உட்கார்ந்தும் நிலையில்லாமல் இருந்தார். அவர் தங்கை கன்னியம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அப்பா விட்டுப்போன நிலத்தில் தனக்குள்ள பங்கு வேண்டாம், அண்ணனுக்கே இருக்கட்டும் என்று தங்கை எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்தான் அந்தத் தாளில் கோணலாக விழுந்திருந்தது. இதை மனோகரன் சொல்லவில்லை. கெட்டுப்போன தாளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்காமல் எழுத்து எங்கே தொடங்கியிருக்கிறது என்று பார்க்க முடியாது.

"பாய் கடைல வேற ஆளே கெடைக்கலியா?" என்றார் தசரதன், என்னைப் பார்க்காமல், மனோகரனிடம். "சின்னப் பொண்ண அனுப்பிகீறாரு."

"அது நல்லா பாக்கும்யா. நீ செத்த கம்முனு குந்து."

"எங்க குந்தறது ரைட்டரே? பன்னெண்டு அடிச்சா ராவு காலம். நாளன்னிக்கி ஆடி பொறக்குது. ஆடில எவனாவது பத்திரம் போடுவானா? இன்னிக்கி வுட்டா ஆவணிதான்."

"ஆவணியில போட்டா என்ன, நெலம் ஓடியா போவுது?"

"நெலம் ஓடாது. மனுசங்க மனசு ஓடும்."

சொல்லிவிட்டுத் தசரதனே சிரித்தார். கன்னியம்மாள் சிரிக்கவில்லை. அப்படி ஒன்று சொல்லப்பட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

நான் பார்க்கிற முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் பிரிண்டரைக் கணினியிலிருந்து பிரித்துவிட்டு, அதன் பொத்தானை அழுத்தி, தன்னைப் பற்றித் தானே அச்சிடும் தாளை எடுப்பேன். அது சுத்தமாக வந்தது. இயந்திரத்தில் குறையில்லை என்றால் குறை கணினியில். பிறகு கணினியைத் திறந்தேன். பிரிண்டர்களின் வரிசையில் ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது. இரவு கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் பழைய டிரைவர் ஒதுங்கிப் போய், எல்லாப் பிரிண்டருக்கும் பொதுவான ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வதுதான் டிரைவரின் வேலை. இந்தப் பொது டிரைவருக்கு ஏ4 தாளைத் தெரியும், முத்திரைத்தாளின் நீளம் தெரியாது. தாளைக் கையால் ஒவ்வொன்றாகச் செருக ஒரு வழி இருப்பதும் தெரியாது. அதனால் நீளமான பக்கத்தைத் தனக்குத் தெரிந்த அளவுக்குச் சுருக்கி மேலே ஏற்றிவிட்டது.

கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும். இதுதான் காரணமா, காரணத்தோடு கூட வந்த இன்னொன்றா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியபின் சோதி, பிறகு அடுத்ததற்குப் போ என்று நான் கணினிப் பழுது படிக்கும் மாலை வகுப்பில் சொல்வார்கள். வகுப்பில் மற்றவர்களுக்கு அது பாடம். எனக்கு அது கைத்தடி மாதிரி. அது இல்லாமல் நடந்தால் விழுந்துவிடுவேன் என்று பயம்.

"ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

கன்னியம்மாள்தான் கேட்டார். போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி என் காதில் விழும். கேட்பவர்களின் குரலில் அவசரம் இருக்கும், இல்லாவிட்டால் சலிப்பு இருக்கும். இவர் குரலில் இரண்டும் இல்லை. சீக்கிரம் முடியும் என்றால் அவருக்கு நல்ல சேதியா, நேரமாகும் என்றால் நல்ல சேதியா என்று எனக்கு விளங்கவில்லை.

"பாத்துட்டுதாம்மா சொல்லணும்."

"பாரு. நல்லா பாரு."

இரண்டு டிரைவர்களையும் முழுதாக எடுத்துவிட்டு, என் பென்டிரைவிலிருந்து அந்த மாடலுக்கு உரியதைப் போட ஆரம்பித்தேன். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அது நகரும்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை, காது மட்டும் திறந்திருக்கும். தசரதன் வாசலில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கன்டெய்னர் லாரிகள் நிறுத்த அந்த இடத்தைக் கேட்கிறார்கள், தங்கை கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, இன்றைக்கு முடிந்துவிடும். பேசி முடித்து உள்ளே வரும்போது இரண்டு டீயும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கி வந்தார். "கன்னி, இத்த சாப்டு. காலைல எந்திரிச்சதுலருந்து ஒண்ணும் துன்னல நீ" என்று தங்கையிடம் நீட்டினார். இரண்டாவது டீயை எனக்குக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று அதுவரை நான் மனதில் எழுதி வைத்திருந்ததை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

கன்னியம்மாளின் போன் அடித்தது. ஒலி குறைக்கத் தெரியாதோ என்னவோ, எதிர்முனைக் குரல் அறைக்கே கேட்டது.

"கையெழுத்து போட்டுட்டியாம்மா?"

"இல்ல ஹேமா. மிஷினு ரிப்பேரு. ஒரு பொண்ணு பாத்துகினு கீது."

"எனுக்கோசரம் போடறேன்னு மட்டும் போடாத. மாமா வரலன்னா கல்யாணம் நிக்கப் போறதில்ல."

"நீ வேலயப் பாரு. வெச்சிட்றேன்."

வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே என்னிடம் சொன்னார். "எம் பொண்ணு. ஆவணில கல்யாணம். ஆடி கடைசில பத்திரிகை அடிக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, வாசலில் நிற்கும் அண்ணனைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "தாய்மாமன்னு அவன் பேரு போடணுமில்ல? இத்த முடிச்சிட்டு அத்த போடுன்னுட்டான். தப்பா சொல்லல, சிரிச்சிகினேதான் சொன்னான்."

நான் "ம்" என்றேன். மாங்காட்டுக்கு நாங்கள் குடிவந்தவர்கள். இங்கே எங்களுக்குச் சொந்தமாக நிலமும் இல்லை, பந்தலில் வந்து நிற்கவேண்டிய மாமன்களும் இல்லை. அப்பாவும் அம்மாவும் வாடகை வீட்டில், உறவென்று யாரும் வந்து தட்டாத கதவுக்கு ஒற்றைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள். கன்னியம்மாளோ அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி கம்பெனியில் நூல் வெட்டுகிறவர், அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒரு பெயர் பத்திரிகையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

டிரைவர் ஏறி முடிந்தது. தாளின் நீளத்தைப் பதிந்தேன், கையால் செருகும் வழியைத் தேர்ந்தேன். அதே நீளத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து முதல் பக்கத்தை எடுத்தேன். கெட்டுப்போன முத்திரைத்தாளின் மேல் அதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்து படத்துக்குக் கீழே, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"அட, வந்துடுச்சே!" என்றார் மனோகரன். "தசரதா, தாள எடு."

நான் தாளின் நீளத்தைப் பதிந்துகொண்டிருந்தபோது தசரதன் உள்ளே வந்து தண்ணீர் கேன் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை. கண் திரையில் இருந்தது. அவர் ஒரு பாலித்தீன் உறையிலிருந்து மிச்சமிருந்த மூன்று முத்திரைத்தாள்களை எடுத்துக் கொடுத்தார். முதல் தாளை மனோகரனே செருகினார். பிரிண்டர் அதை இழுத்தது, பாதியில் நின்றது, எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு.

பின்பக்க மூடியைத் திறந்து மெதுவாக உருவினேன். விசிறிபோல் மடிந்து, நடுவில் கிழிந்து வந்தது. வெள்ளைத்தாள் நன்றாகப் போனதே. நான் மாற்றியது டிரைவரை மட்டும்தானே. டிரைவர் தாளைக் கிழிக்காது. ஒருவேளை மூடியைத் திறந்து பார்க்கும்போது எதையாவது அசைத்துவிட்டேனா? இல்லை, மூடியை இப்போதுதான் திறக்கிறேன். அப்படியானால் மாறியது என்ன என்று ஒவ்வொன்றாக மனதில் கேட்டுக்கொண்டு, தாளை இழுக்கும் ரப்பர் உருளையை விரலால் தொட்டேன். விரல் மஞ்சளாயிற்று. முகர்ந்து பார்த்தேன்.

"சார், தாள்ல மஞ்சள் தடவியிருக்கா?"

எல்லோரும் தசரதனைப் பார்த்தார்கள்.

"ஆமா. ஒரு தாளு கெட்டுப்போச்சில்ல? நல்ல காரியத்துல தடங்கலாவுதேன்னு நாலு மூலைக்கும் வெச்சேன். எப்பவும் வெக்கறதுதான?"

"யோவ், அத எல்லாம் முடிஞ்சி கையெழுத்துக்கு முன்னாடி லேசா தொட்டு வெக்கறதுய்யா!" மனோகரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே ஈரத்தோட அப்பி, கவர்ல வேற போட்டு மூடி வெச்சிருக்கியே. பொண்ணுக்கு நலுங்கு வெக்கிற மாதிரி!"

"எனுக்கு இன்னா தெரியும்? தாளு போற மிஷினு மஞ்சள் தாங்காதா?"

"உருளை வழுக்கிடும்" என்றேன். "ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் நழுவும். தாள் கோணலாப் போய் மாட்டிக்கும்." சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. காரணம் நான் இல்லை. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

பத்திரத்துக்கு நான்கு தாள் வேண்டும். ஒன்று முன்பே கெட்டது, ஒன்று இப்போது கிழிந்தது, இரண்டு மீதி. தசரதன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு தாள் வாங்கப் பேருந்து நிலையம் பக்கம் போனார். "தங்கச்சியப் பாத்துக்க ரைட்டரே" என்றார் போகும்போது, ஏதோ கூட்டத்தில் விட்டுப் போகிறவர்போல. டோக்கன் நேரம் நெருங்குகிறது என்று மனோகரனும் எதிரே இருந்த அலுவலகத்துக்குக் கேட்டுவரப் போனார். அறையில் நானும் கன்னியம்மாளும் மட்டும் இருந்தோம்.

பாய் போன் செய்தார். "இன்னா அகல்யா, பிரிண்டர் பாக்கப் போனியா, மாப்பிள பாக்கப் போனியா? மஞ்சளு, டீ, பிஸ்கட்டுன்னு மனோகரன் போன்ல சொல்றான்!"

"முடிஞ்சிடும் பாய். உருளை தொடைக்கணும்."

உருளையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் மஞ்சள் வரும்வரை துடைத்து, வராமல் ஆனபிறகு உலர்ந்த துணியால் துடைத்தேன். மிச்சமிருந்த இரண்டு தாள்களையும் துடைக்க வேண்டும், மூலைகள் நன்றாகக் காய வேண்டும் என்று சொல்லித் தாள்களைக் கன்னியம்மாளிடம் கொடுத்தேன். அவர் முந்தானையால் ஒவ்வொரு மூலையாக ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. தேய்த்தால் தாள் நைந்துவிடும் என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. துணியோடு பழகிய கை.

உருளையை மாட்டி வெள்ளைத்தாளில் சோதித்தேன். சரியாக வந்தது. இன்னொரு வெள்ளைத்தாளில் இன்னொருமுறை சோதித்தேன். ஒருமுறை சரியாக வந்தது போதாது என்பது முறைதான். ஆனால் மூன்றாவதாகவும் ஒன்று எடுத்தேன். அது முறையில் இல்லை. அதை ஏன் எடுத்தேன் என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். உருளைமேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று ஒரு பதில் இருக்கிறது.

"குடுங்கம்மா" என்று கேட்டேன். ஒரு தாளைக் கொடுத்தார். செருகினேன். பிரிண்டர் அதை எந்தச் சத்தமும் இல்லாமல் இழுத்து, சூடாக வெளியே தள்ளியது. படத்துக்குக் கீழே வரி வரியாக எழுத்து. கன்னியம்மாள் எழுந்து வந்து அதைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி, உதடு அசைய மெதுவாகப் படித்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

"யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதுடன்..." என்று ஓர் இடத்தில் வாய்விட்டுப் படித்தார். "இத்த யாரு எழுதனது?"

"மனோகரன் சார்தான். எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"ஓ. எல்லாருக்குமா?" மேலே படித்தார். "எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி யாதொரு பாத்தியமும் இல்லை. வாரிசுன்னா ஹேமாவா?"

"ஆமாம்மா."

"அவ பேரு இல்லியே இதுல."

"பேர் போட மாட்டாங்க. வாரிசுன்னு சொன்னாலே அவங்களும்தான்."

அவர் தாளை மேசைமேல் வைத்தார். வைத்தபிறகு அதன் விளிம்பை மேசையின் விளிம்போடு ஒட்டிச் சரிசெய்தார். "பத்திரிகைல பேரு போட்டாத்தான் மாமன். இதுல பேரு போடாமலே அவளுக்கு இல்லன்னு ஆவுது" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பக்கத்தை அனுப்பினேன். பிரிண்டரின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. தாள் கேட்கிறது என்று அர்த்தம். கையை நீட்டினேன்.

"இரும்மா. இன்னும் காயல."

தாள் காய்ந்துதான் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் மூலைகள் லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தன. ஈரத்தாள் அப்படி அசையாது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், உருளை துடைத்த துணியை எடுத்து மடித்தேன். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

வெளியே பைக் வந்து நின்றது. தசரதன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். கையில் பாலித்தீன் உறை, அதற்குள் இரண்டு புதுத் தாள்கள்.

"இன்னாமா, மிஷினு ரெடியா? ரைட்டர் எதிர்லருந்து கை காட்றாரு, டோக்கன் கூப்புட்டாங்களாம். பன்னெண்டு அடிக்கப் போவுது."

"மிஷின் ரெடிதாங்க. தாள் வந்தா போதும்."

அவர் விளக்கைப் பார்த்தார், மேசைமேல் இருந்த முதல் பக்கத்தைப் பார்த்தார், தங்கையின் மடியைப் பார்த்தார். உறையிலிருந்து ஒரு புதுத் தாளை உருவி என்னிடம் நீட்டினார். "அது ஈரமா கீதா? அத்த வுடு. இது புதுசு, மஞ்சளே படல. இத்த போடு."

"அது இருக்கட்டும்ணா" என்றார் கன்னியம்மாள். "இது காயட்டும்."

தசரதன் நீட்டிய கையை மடக்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. நானும் தாளை வாங்க எழவில்லை. கன்னியம்மாள் மடியில் இருந்த தாளை இரண்டு கைகளாலும் தூக்கி முகத்தருகே கொண்டுபோய், மஞ்சள் சுவடே இல்லாத ஒரு மூலையில் மெல்ல ஊதினார். பிறகு தாளைத் திருப்பி அடுத்த மூலையில் ஊதினார்.